எல்லாப் பருவத்துக்கும் ஒரு டயர்

2012-ல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். டொயோட்டா கடையில் 86, சுபாரு கடையில் பிஆர்ஜெட், அமெரிக்காவில் சில வருஷம் சயான் எஃப்ஆர்-எஸ் என்று பெயர். எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில், 200 குதிரைத்திறன், பேருக்கு ஒரு பின் சீட் (ஆபீஸ் பை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது). கார் பத்திரிகைக்காரர்கள் கொண்டாடினார்கள். கூடவே ஒரு விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். அந்தக் காரில் தொழிற்சாலையிலேயே மாட்டி வந்த டயர், மிஷலின் பிரைமசி எச்பி, 215/45 ஆர்17. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்கென்றே பிறந்த ப்ரியஸ் காருக்கும் அதே டயர்தான்! பட்டுவேட்டி கட்டி ரப்பர் செருப்புப் போட்டது மாதிரி.

இது கவனக்குறைவு இல்லை. அந்தக் காரின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா வேண்டுமென்றே செய்தது. பிடிப்பு அதிகமான டயர் போட்டால், கார் வழுக்குவதை உணர்வதற்கே பயங்கர வேகம் தேவைப்படும். பிடிப்பைக் குறைத்தால் சாதாரண ஆளும் சாதாரண வேகத்தில் அந்த அனுபவத்தைப் பெறலாம் என்பது அவர் கணக்கு.

என் அக்கா மகன் ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸில் இருக்கிறான். அந்த 86-ல் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறான். "மாமா, நாலு டயரும் மொட்டையாயிட்டு. வந்த டயரையே போடவா, இல்ல பெர்ஃபாமன்ஸ் ஆல்-சீசன்னு ஒண்ணு சொல்லுதாங்களே, அதைப் போடவா?" என்று கேட்டான். குடும்பத்தில் கார்ப் பைத்தியம் நான் ஒருவன்தான் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் சண்டிகருக்கு வந்துவிடும். அவனுக்குச் சொன்ன பதில் சின்னது, பின்னால் வருகிறது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்குள் 180 வருஷக் கதை இருக்கிறது. அதில் பாதி அவன் குடியிருக்கும் ஓஹையோவிலேயே நடந்தது. மீதியில் ஒரு பங்கு நம் ஆட்களுடையது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

"ஆல்-சீசன்" என்ற பெயர் 1970களில் வந்தது. பிரச்சினையோ ரப்பர் அளவுக்குப் பழையது. 1830களில் அமெரிக்காவில் ரப்பர் மோகம் பிடித்து ஆட்டியது. ரப்பர் காலணி, ரப்பர் கோட்டு என்று கம்பெனிகள் முளைத்தன. கோடை வந்ததும் எல்லாம் உருகி, பிசுபிசுத்து, நாற்றமடித்தது. குளிர் வந்ததும் விறைத்து வெடித்தது. முதல் போட்டவர்கள் எல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

சார்லஸ் குட்இயர் என்கிற மனிதருக்கு இதைத் தீர்த்தே ஆகவேண்டும் என்று ஒரு வெறி. இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துப் போனவர். கடனுக்காகச் சிறைக்குப் போனவர். தபால் துறைக்கு ரப்பர் பைகள் செய்து கொடுத்தார், அவையும் வெயிலில் உருகிப்போயின. 1839-ல், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு, உருகாமல் தோல் மாதிரி உறுதியானதைக் கண்டுபிடித்தார். ரப்பரின் நீளமான இழைகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுகிறது, அதனால் வெயிலிலும் ஓடாது, குளிரிலும் நொறுங்காது. 1844-ல் காப்புரிமை கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. 1860-ல் இறக்கும்போது அவர் பேரில் ஏறக்குறைய 2 லட்சம் டாலர் கடன் இருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் சுத்தமான வாராக்கடன். 1898-ல் ஓஹையோவின் அக்ரன் நகரத்தில் ஃப்ராங்க் சைபர்லிங் ஒரு டயர் கம்பெனி ஆரம்பித்தபோது அவர் பெயரை வைத்தார். குட்இயர் குடும்பத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆக, முதல் ஆல்-சீசன் ரப்பரைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை மட்டும்.

காற்றடைத்த டயரை 1845-ல் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை செய்தார், ஊர் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத் திரும்பக் கண்டுபிடித்தார். தாம்சன் முந்திக்கொண்டது தெரியவந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது, கம்பெனி மட்டும் பெரிதாகிவிட்டது. பிறகு கார் வந்தது. 1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. அக்ரனில் குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன், பின்னால் ஜெனரல் டயர் என்று ஆலைகள் வரிசைகட்டின. உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்றே அந்த ஊரைச் சொன்னார்கள்.

ஆனால் அக்ரனில் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது.

நான் குலசேகரம் பக்கம். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். இந்த மரத்தின் சொந்த ஊர் அமேசான். 1876-ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அக்ரன் பெருக்கப் பெருக்க, மலாயாவில் காடு அழிந்து பால்மரத் தோட்டமானது. அந்தத் தோட்டங்களில் மரம் சீவியவர்களில் மிகப் பெரும்பாலோர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலர் வீட்டிலும் ஒரு மலாயா தாத்தா இருந்திருப்பார்.

கணக்குப் படித்தவன் என்பதால் விலையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1910-ல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1930களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தத்தில், அதுவே சில பென்ஸுக்கு இறங்கியது. விலை ஏறியபோது லாபம் லண்டன் பங்குதாரருக்கு. விலை இறங்கியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். லாபம் ஒரு ஏட்டில், நஷ்டம் வேறொருவர் ஏட்டில். 1938-ல்தான் இந்திய அரசு இந்த ஆளெடுப்பை நிறுத்தியது.

1942-ல் ஜப்பான் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தது. இந்த இடத்தில் டயரின் கதை இரண்டாகப் பிரிகிறது.

ஒரு பக்கம் அமெரிக்கா. அதன் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. ஒரே அடியில் நின்றது. 1942 டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டைவிட டயர் தேய்வதைக் குறைப்பதுதான் முக்கிய நோக்கம். வண்டிகள் மணிக்கு 35 மைலைத் தாண்டக்கூடாது என்றும் உத்தரவு. அரசாங்கமே பணம் போட்டு, அக்ரன் கம்பெனிகளையும் எண்ணெய்க் கம்பெனிகளையும் ஒன்றாக உட்காரவைத்து, ஸ்டைரீன், பியூட்டாடீன் இரண்டையும் சேர்த்து செயற்கை ரப்பர் செய்யச் சொன்னது. 1945-ல் ஆண்டு உற்பத்தி 7 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது.

மறுபக்கம் மலாயா. ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் நின்றுபோயின. வேலையில்லாமல் கிடந்த தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலரா, மலேரியா, பட்டினி. போர்க்கைதிகளின் சாவுக்குப் புத்தகமும் சினிமாவும் வந்தன. ஆயிரம் ஆயிரமாகச் செத்த தமிழர்களுக்கு வெகுகாலம் ஒரு கல்கூட இல்லை.

இப்போது கார் டயரின் மேல்பட்டையில் பெரும்பங்கு அந்தப் போர்க்காலச் செயற்கை ரப்பரின் வாரிசுதான். ஈரச் சாலையில் பிடிப்பு தருவதில் அது கெட்டி. நம் மரத்து ரப்பருக்கு வேறு குணம்: சூடு பிடிக்காமல் பாரம் தாங்கும். அதனால் லாரி டயரிலும் விமான டயரிலும் அதை விட்டால் வழியில்லை.

* * *

கதையின் அடுத்த அத்தியாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது முழுக்க முழுக்க ஒரு பாலன்ஸ் ஷீட் கதை.

அதுவரை எல்லா டயரும் நம் லாரிக்காரர்கள் "நைலான் டயர்" என்று சொல்கிற ஜாதி. உள்ளே நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்த மாதிரி சாய்வாகப் போகும். (அந்தக் காலத்தில் நூல் பருத்தி, ரேயான்; நைலான் பின்னால் வந்தது.) டயரின் பக்கவாட்டு மடங்கினால் தரையைத் தொடும் பகுதியும் கூடவே நெளியும், சூடாகும், தேயும். பிரான்ஸில் மிஷலின் கம்பெனியில் மாரியஸ் மினோல் என்பவர் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு விசித்திர டயர் செய்தார். பக்கவாட்டில் ரப்பரே இல்லை, இடைவெளி விட்டு விட்டுக் கம்பிகள் மட்டும். பார்த்தவர்கள் ஈ பிடிக்கும் கூண்டு என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ரேடியல். பக்கவாட்டில் நூல்கள் நேராக ஓடும், மேல்பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பி வார் ஒன்று சுற்றியிருக்கும். பக்கவாட்டு வளைந்து கொடுக்கும், மேல்பட்டை தரையில் தட்டையாக நிற்கும். இரண்டும் தனித்தனி வேலை. 1946-ல் காப்புரிமை, 1949-ல் மிஷலின் எக்ஸ் என்று கடைக்கு வந்தது. சித்ரோன் கார் கம்பெனி அப்போது மிஷலின் கையில் இருந்ததால், மாட்டிப் பார்க்கக் காரும் தயாராக இருந்தது.

ரேடியல் இரண்டு மடங்கு ஓடியது, பெட்ரோல் மிச்சமானது, பிடிப்பும் கூடுதல். அக்ரன் இதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தார்கள் என்றால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேடியல் செய்யப் பழைய மெஷின்கள் உதவாது, புதிய ஆலை வேண்டும். அவ்வளவு முதல் போட்டுச் செய்யும் பொருள் இரட்டிப்பு நாள் உழைத்தால், வாடிக்கையாளர் பாதித் தடவைதான் கடைக்கு வருவார். நல்ல பொருள் செய்தால் சொந்தச் சந்தையே சுருங்கும். எந்த டைரக்டர் போர்டு கையெழுத்துப் போடும்? 1967-ல் குட்இயர் ஒரு சமரசம் செய்தது. பழைய சாய்வு நூல் டயருக்குள் கண்ணாடியிழை வார் ஒன்றை வைத்து, பழைய மெஷினிலேயே செய்து விற்றார்கள். சில வருஷம் அமோகமாக ஓடியது.

1970-ல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3, ரேடியலோடு வந்த முதல் அமெரிக்கக் கார் ஆனது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1975-ல் காரின் மைலேஜுக்குச் சட்டமே வந்தது. அதற்குப் பிறகு தப்பிக்க வழியில்லை. ஃபயர்ஸ்டோன் அவசரமாக, பழைய மெஷின்களைத் தட்டிக்கொட்டி மாற்றி ரேடியல் செய்தது. ஃபயர்ஸ்டோன் 500 என்று பெயர். வேகத்தில் மேல்பட்டை பிய்ந்து வந்தது, உயிர்கள் போயின. 1978-ல் ஏறக்குறைய 1 கோடியே 45 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மெஷினில் மிச்சம் பிடித்த காசு என்ன, இதில் போனது என்ன?

1987-ல் ஜெனரல் டயரை ஜெர்மனியின் கான்டினென்டல் வாங்கியது. 1988-ல் ஃபயர்ஸ்டோனை ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 260 கோடி டாலருக்கு வாங்கியது. குட்ரிச்சின் டயர்த் தொழில் கடைசியில் மிஷலினிடமே போய்ச்சேர்ந்தது. அதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், அக்ரனில் சாதாரண கார் டயர் செய்வது நின்றுவிட்டிருந்தது. மிஞ்சியது குட்இயர் ஒன்றுதான். ஆலைக் கூலியை நம்பி வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர், அந்த வீட்டுக்கடன்கள் என்ன ஆகியிருக்கும் என்று என் புத்தி போகிறது. என் தொழில் அப்படி.

நம்ம ஊருக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1952-ல் ரீட்ரேடிங் ரப்பர். டயர் செய்ய முடிவெடுத்தபோது அவர் கைகோத்தது ஓஹையோவின் மான்ஸ்ஃபீல்ட் டயர் கம்பெனியோடு. என் மருமகன் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் இருக்கும். எம்ஆர்எஃப் 1967-ல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. கற்றுக்கொடுத்த மான்ஸ்ஃபீல்ட் ஆலை 1970களின் இறுதியில் மூடப்பட்டது. கற்றுக்கொண்டவர்கள் இன்றும் ஓடுகிறார்கள்.

* * *

சரி, ஆல்-சீசனுக்கு வருவோம். 1977-க்கு முன்னால் ஓஹையோ மாதிரியான ஊர்களில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஜோடி டயர் வேண்டும். பனிக்காலம் வருமுன் பெரிய பட்டன் வைத்த, இரைச்சல் போடும் பனி டயரை மாட்டுவார்கள், வசந்தத்தில் கழற்றுவார்கள். வருஷம் இரண்டு தடவை கடைக்கு அலைச்சல், கழற்றியதை வைக்க இடம், மாட்டக் கூலி. 1977-ல் குட்இயர் டியெம்போ என்ற ரேடியலை ஆல்-சீசன் என்று சொல்லி விற்றது. ரேடியலில் அக்ரன் தோற்றது, ஆனால் இதில் அமெரிக்க நாடியைச் சரியாகப் பிடித்தார்கள். ஒரே ஜோடி, கழற்றவே வேண்டாம். கொஞ்ச காலத்தில் அமெரிக்கக் குடும்பக் கார் எல்லாம் ஆல்-சீசன் டயரோடுதான் கம்பெனியிலிருந்து வந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? ரப்பர் கலவை ஒவ்வொன்றுக்கும் அது விறைக்கும் வெப்பநிலை ஒன்று உண்டு. கோடைக்கான ஸ்போர்ட்ஸ் டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்து, பிடிப்பை இழக்க ஆரம்பிக்கும். ஆல்-சீசன் கலவை குளிரிலும் மிருதுவாக இருக்கும். பட்டன்களில் கத்தியால் கீறிய மாதிரி மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும், பனியைக் கவ்விப்பிடிக்க. அதே மிருதுவும் அதே வெட்டுகளும் சுடுகின்ற காய்ந்த சாலையில் பட்டன்களை நெளியவைக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் அரை நொடி யோசிக்கும். குடும்பக் காரில் யாருக்கும் தெரியாது. ஸ்போர்ட்ஸ் காரில் உடனே தெரியும்.

இன்னொரு பக்கம் வேக டயர்கள் தனிப் பாதையில் வளர்ந்துகொண்டிருந்தன. 1970களின் நடுவில் பிரெல்லி பி7, அகலமாக, பக்கவாட்டு குட்டையாக, போர்ஷே 911 டர்போவுக்கு. 1984 கார்வெட்டுக்கு குட்இயர் செய்த ஈகிளை முதலை முதுகு என்றே அழைத்தார்கள், ஃபார்முலா 1 மழை டயரின் பட்டன் வடிவத்திலிருந்து எடுத்தது. பனி விழுந்தால் இவற்றைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாது.

இரண்டு பாதையும் சேர உதவியது சிலிக்கா. 1992-ல் மிஷலின், டயரைக் கறுப்பாக்கும் கார்பன் தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைக் கலந்து ஒரு டயர் கொண்டுவந்தது. அதுவரை பெட்ரோல் மிச்சம் வேண்டுமென்றால் ஈரத்தில் பிடிப்பை விடவேண்டும், பிடிப்பு வேண்டுமென்றால் ஆயுளை விடவேண்டும். சிலிக்கா அந்தப் பேரத்தைத் தளர்த்தியது. அதன் பலன்தான் இன்று பெர்ஃபாமன்ஸ் ஆல்-சீசன் என்று விற்கும் ரகம். கான்டினென்டலின் டிடபிள்யூஎஸ் 06 என்ற டயரில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிக்கும். டி, டபிள்யூ, எஸ் (காய்ந்த சாலை, ஈரம், பனி) என்ற மூன்று எழுத்துகளும் பட்டனிலேயே பொறித்திருக்கும். தேயத் தேய முதலில் எஸ் அழியும், பனிக்கு இனி இந்த டயர் ஆகாது என்று அர்த்தம். அப்புறம் டபிள்யூ. எங்கள் பாங்க் பாஸ்புக்கில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது :-)

இதையெல்லாம் வைத்துத்தான் மருமகனிடம் சொன்னேன்: "மக்கா, உன் ஊர்ல டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பாதிநாள் 7 டிகிரிக்குக் கீழ. வந்த டயர் கோடைக்குச் செஞ்சது. உனக்கு அபார்ட்மென்ட், ரெண்டாவது ஜோடி வைக்க இடமில்ல. அப்போ பெர்ஃபாமன்ஸ் ஆல்-சீசன்தான். நாலையும் சேர்த்து மாத்து, ரெண்டு மட்டும் மாத்தாத. சைஸ் அதே, லோடு இன்டெக்ஸ், வேகக் குறியீடு எதுவும் குறையக்கூடாது. நல்லா பனி கொட்டுற அன்னைக்கு வண்டிய எடுக்காத." மைலேஜ் கொஞ்சம் குறையும் என்றும் சொன்னேன். அந்த டாடா வேண்டுமென்றே வைத்த வழுக்கல் விளையாட்டும் போய்விடும். அவன் அம்மாவுக்கு அது சந்தோஷம்.

ஆனால் அவனுக்குச் சொன்ன பதிலை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே சண்டிகரில் என்னிடம் இருப்பது ஒரு சின்ன டர்போ கார். ஆபீஸில் இளைஞர்கள் சிலர், வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, ஆல்-சீசன்தான் ஒசத்தி, அதுக்கு மாத்தலாம் சார் என்கிறார்கள். ஆல்-சீசன் என்பதில் உள்ள சீசன் யாருடையது என்று கேட்கவேண்டும். அது ஓஹையோவின் சீசன். அதில் எஸ் என்றால் பனி, நம்ம ஐப்பசி அடைமழை இல்லை. சண்டிகரில் வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போவது டிசம்பர் ஜனவரியில் சில விடிகாலைகளில்தான். மே மாதம் 43, 44 டிகிரி. ஜூலை ஆகஸ்டில் மழை கொட்டும். இந்த வருஷக் கணக்குக்கு எனக்குத் தேவை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற, வெயிலில் நெளியாத டயர். பனிக்குச் செலவிட்ட ரப்பருக்கு நான் ஏன் காசு கொடுக்கவேண்டும்? போதாக்குறைக்கு 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது, வெளிநாட்டில் கிடைக்கிற எல்லா ரகத்தையும் இங்கே தேடிப் பயனில்லை. சிம்லா, ஸ்ரீநகர், லே என்று உத்தியோகத்தில் இருக்கும் நம் ஆட்கள் கணக்கு வேறு. அவர்கள் வாங்கும்போது மூன்று சிகரமும் நடுவில் பனித்திவலையும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் போதாது. அது பட்டனின் வடிவத்தைப் பார்த்துக் கம்பெனியே போட்டுக்கொள்வது, முத்திரையோ பனியில் ஓட்டிச் சோதித்த பிறகு கிடைப்பது.

என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் போனால் அம்பாலாவில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வடக்கே ஸ்ரீநகரில் தொடங்கும் அதே சாலை கன்னியாகுமரியில் போய் முடிகிறது. லீவுக்கு ஊருக்குக் காரிலேயே போகிற குடும்பங்கள் நம்மில் அதிகமாகிவிட்டன, அதுவும் பள்ளி விடுமுறையான மே மாதத்தில். நாக்பூரைத் தாண்டும்போது வெளியே 45 டிகிரி, சிமென்ட் சாலை அதற்கும் மேல். அங்கே டயர் வெடித்தது என்று கேள்விப்படும் கதைகளில் டயர் எந்தப் பருவத்துக்கானது என்பதைவிட, காற்று குறைவாக இருந்ததும், பாரம் அதிகமானதும், டயர் பழசானதும்தான் வழக்கமான காரணங்கள். காற்று குறைந்தால் பக்கவாட்டு அதிகம் மடங்கும், மடங்கினால் சூடு. மினோல் கூண்டு கட்டிப் பார்த்த அதே சூடு. காலையில் வண்டி எடுக்குமுன், டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பாருங்கள். ஓடி வந்து சூடாக இருக்கும்போது பார்த்து, அதிகம் என்று இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியையும் பார்க்கவும்.

புதிதாக வாங்கும்போது இன்னொன்று. டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையில் கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த தேதி. 2223 என்றிருந்தால் 2023-ஆம் வருஷம் 22-ஆவது வாரம். கடைக்காரர் ஆஃபர் என்று நீட்டும் டயரில் முதலில் அதைப் பாருங்கள். சில சமயம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் நான்கு இலக்கமும் முழுதாக இருக்கும், அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.